பதினெட்டாவது அட்சக்கோட்டில் ஒரு மாணவன்

பூகோளப் படத்தில் கிழக்கு மேற்காகச் செல்லும் கோடுகளை அட்சக்கோடுகள் என்கிறோம். இவற்றை நிலத்தின்மேல் எவரும் கண்டதில்லை. இவற்றைக் கடந்து செல்லும் வழிப்போக்கனின் காலில் எதுவும் தட்டுவதில்லை. எனினும், ஓர் ஊர் எங்கே இருக்கிறது என்று திட்டமாகக் கூற வேண்டுமானால் இக்கோடுகளின் துணையின்றி இயலாது. நான் பிறந்து வளர்ந்த திருத்தணி பதின்மூன்றாவது அட்சக்கோட்டுக்குச் சற்று வடக்கே இருக்கிறது. அங்கிருந்து நான்கு பாகைக்குச் சிறிது கூடுதலாக வடக்கே சென்றால், பதினேழுக்கும் பதினெட்டுக்கும் இடையில், செகந்திராபாத் நகரம் இருக்கிறது. அந்நகரில் 1948ஆம் ஆண்டில் கல்லூரியில் பயின்ற ஒரு தமிழ் மாணவனைப் பற்றியும், அவனைத் தலைவனாகக் கொண்டு எழுந்த ஒரு நாவலைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். நாவலின் பெயர் ‘18வது அட்சக்கோடு’. எழுதியவர் அசோகமித்திரன். அது வெளிவந்த ஆண்டு 1977.

சரித்திரம் கற்பித்த ஆசிரியன் நாவலைப் பற்றிப் பேசுவானேன் என்று நீங்கள் வினவலாம். சரித்திரப் புத்தகம் அரசர்களும் படைகளும் செய்தவற்றைக் கூறும். ஆண்டையும் தேதியையும் தரும். அந்தத் தேதியன்று பதினாறு வயதுப் பையன் ஒருவன் மிதிவண்டியில் எங்கே போய்க்கொண்டிருந்தான், அவன் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை அது கூறுவதில்லை. அதைக் கூறும் பொறுப்பை நாவல் ஏற்றுக்கொள்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மாணவனே ஒரு காலத்தை முழுமையாக அறிகிறான்.

பிள்ளைப் பருவம் நீங்கி, வாலிபப் பருவம் இன்னும் நிலைபெறாத இடைக்காலம் ஒன்றுண்டு. அப்போது வீடு தன்னுடையது போலவும் இருக்கும். அந்நியம் போலவும் இருக்கும். பெற்றோர் கூறுவன பொய்யாகத் தோன்றும். ஆசிரியர் கூறுவன வெறும் சொற்களாகத் தோன்றும். நண்பர் நடுவிலும் தனிமை வாட்டும். இது நோயன்று, வளர்ச்சியின் ஒரு படி. இப்பருவத்தைப் பொருளாகக் கொண்டு உலக மொழிகள் பலவற்றில் நாவல்கள் தோன்றியுள்ளன.

அவற்றுள் மிகுந்த புகழ் பெற்றது அமெரிக்க எழுத்தாளர் ஜே. டி. சாலிஞ்சர் எழுதி, 1951ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளிவந்த ‘தி கேட்சர் இன் தி ரை’ என்பதாகும். அதன் தலைவன் ஹோல்டன் கால்ஃபீல்ட், வயது பதினாறு. செல்வர் வீட்டுப் பிள்ளை. பாடங்களில் தேறாமையால் பள்ளியினின்றும் விலக்கப்பட்டவன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சில நாட்கள் முன்னதாகவே விடுதியை விட்டு வெளியேறி, வீட்டுக்கும் போகாமல் நியூயார்க் நகரத் தெருக்களில் திரிகிறான். அவன் காணும் பெரியவர் யாவரும் அவனுக்குப் போலிகளாகவே தோன்றுகின்றனர். இந்த வெறுப்புக்கு அடியில் ஒரு துயரம் மறைந்து கிடக்கிறது. அவன் அன்பு வைத்திருந்த தம்பி இரத்தப் புற்றுநோயால் இறந்துபோனான்; அந்த இழப்பை அவனால் எவரிடமும் சொல்லி ஆற்றிக்கொள்ள முடியவில்லை. எஞ்சியிருப்பவள் சின்னஞ்சிறு தங்கை. அவளிடம் அவன் தன் கனவைக் கூறுகிறான். தானிய வயலொன்றில் குழந்தைகள் விளையாடுகின்றன. வயலின் விளிம்பில் செங்குத்தான பள்ளம். ஓடிவரும் குழந்தை எதுவும் அதில் விழாதபடி தடுத்துப் பிடிக்கும் காவலாளாகத் தான் நிற்க வேண்டும் என்பதே அக்கனவு. நூலின் பெயரும் இதனாலேயே அமைந்தது.

இந்நூலை அமெரிக்கப் பள்ளிகள் சில பாடமாக வைத்தன. சில, நூலகத்தினின்றும் அகற்றின. ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பர். ஆசிரியர் சாலிஞ்சர் இரண்டாவது உலக யுத்தத்தில் போர்வீரராக இருந்தவர். 1944ஆம் ஆண்டு ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய படையில் இருந்தவர். கதையிலோ யுத்தம் அதிகம் பேசப்படுவதில்லை. ஹோல்டனின் துன்பம் வீட்டுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் நெஞ்சுக்குள்ளும் நடப்பது. வெளியே அவன் நாடு அமைதியாகவும் செழிப்பாகவும் இருக்கிறது.

நம் நாட்டின் நிலை வேறு. ஆர். கே. நாராயணின் ‘சுவாமியும் நண்பர்களும்’ என்னும் ஆங்கில நாவல் 1935ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதன் தலைவன் சுவாமிநாதன் சிறு பையன். கிரிக்கெட் ஆடவும் பள்ளிக்குச் செல்லாதிருக்கவும் ஆசைப்படுபவன். ஆயினும் 1930ஆம் ஆண்டின் அந்நியத் துணி பகிஷ்காரம் மால்குடித் தெருவுக்கும் வந்துவிடுகிறது. அவனும் கூட்டத்தோடு சேர்ந்து பள்ளிக்கூடத்து ஜன்னல் கண்ணாடியின்மேல் கல் எறிகிறான். நாராயணின் தந்தையார் தலைமையாசிரியராக இருந்தவர் என்பதை எண்ணும்போது எனக்கு முறுவல் தோன்றுவதுண்டு. நம் நாட்டுப் பையன் தனக்குள்ளே ஆழ்ந்து வருந்துவதற்குக்கூடச் சரித்திரம் அவனுக்கு ஓய்வு தருவதில்லை. இவ்வுண்மையை முழு வன்மையுடன் தமிழில் காட்டிய நூல் ‘18வது அட்சக்கோடு’.

நாவலுக்குள் புகுமுன் அதன் களத்தை அறிந்துகொள்வோம். செகந்திராபாத் 1806ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் படைமுகாமாகத் தோன்றிய நகரம். அப்போது ஆண்ட நிஜாம் சிக்கந்தர் ஜாவின் பெயரை அது தாங்கியிருக்கிறது. சென்னைப் படைகள் அங்கே தங்கியிருந்தமையால் அவற்றோடு தமிழ் மக்களும் சென்றனர். வணிகரும் எழுத்தரும் ஒப்பந்தக்காரரும் குடியேறினர். சோமசுந்தர முதலியார் என்னும் தமிழர் 1862ஆம் ஆண்டில் அங்கே தொடங்கிய பள்ளி பிற்காலத்தில் மகபூப் கல்லூரி எனப் பெயர் பெற்றது. 1893ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், அமெரிக்கப் பயணத்துக்கு முன்னர், சுவாமி விவேகானந்தர் சொற்பொழிவாற்றியது அங்கேதான். பின்னர் நிஜாம் ரயில்வே வந்தது. அதில் பணிபுரியத் தமிழ்நாட்டிலிருந்து மேலும் பல குடும்பங்கள் சென்றன. அத்தகைய ரயில்வேக் குடும்பம் ஒன்றில் 1931ஆம் ஆண்டு செப்டம்பர் 22 அன்று பிறந்தவர் தியாகராஜன். அவரே பிற்காலத்தில் அசோகமித்திரன் ஆனார்.

நிஜாமின் ஹைதராபாத் சுதேச சமஸ்தானங்களுள் முதன்மையானது. 1941ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அதன் மக்கள் ஒரு கோடியே அறுபது லட்சத்துக்கு மேற்பட்டவர். அதற்கெனத் தனி நாணயம், தனித் தபால்தலை, தனி ரயில்வே, தனிப் படை இருந்தன. தெலுங்கும் மராட்டியும் கன்னடமும் பேசும் இந்துக்கள் மக்களுள் மிகப் பெரும்பாலோர். அரசனும் உயர் அதிகாரிகளுள் பலரும் முஸ்லிம்கள். ஆட்சிமொழி உருது. நகரத் தெருக்களில் இவர்கள் யாவரும் கலந்து வாழ்ந்தனர். ஒரே மதிலைப் பொதுவாகக் கொண்ட வீடுகளில், ஒரு பக்கம் தமிழ்ப் பிராமணக் குடும்பமும் மறுபக்கம் முஸ்லிம் குடும்பமும் இருப்பது அங்கே இயல்பானது.

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று இந்தியா விடுதலை பெற்றது. நிஜாம் மீர் உஸ்மான் அலிகான் இந்திய யூனியனில் சேர இசையவில்லை. அவ்வாண்டு நவம்பர் 29 அன்று, உள்ள நிலையை ஓராண்டுக் காலம் அப்படியே காப்பதென்று ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆனால் நிலை அப்படியே இருக்கவில்லை. காசிம் ரஜ்வியின் தலைமையில் ரஜாக்கர்கள் என்னும் தொண்டர் படை வலிமை பெற்றது. கிராமங்களில் கொலையும் கொள்ளையும் நிகழ்ந்தன. தெலங்கானாவில் நிலப்பிரபுக்களை எதிர்த்து உழவர்களின் ஆயுதக் கிளர்ச்சி முன்னரே மூண்டிருந்தது. சமஸ்தானக் காங்கிரஸார் சத்தியாக்கிரகம் செய்து சிறை சென்றனர். பிரிவினையின்போது பிற மாகாணங்களில் வீடிழந்த முஸ்லிம்கள் ஹைதராபாத்தை அடைக்கலமாகக் கருதி வந்தனர். ரஜாக்கர்களுக்கு அஞ்சிய இந்துக்கள் வெளி மாகாணங்களுக்கு ஓடினர். ஒரே ரயில் நிலையத்தில் இரு சாராரும் மூட்டை முடிச்சுகளுடன் எதிரெதிரே இறங்கியும் ஏறியும் சென்ற காலம் அது.

இக்காலத்தில்தான் நாவலின் தலைவன் சந்திரசேகரன் கல்லூரிக்குச் செல்கிறான். தந்தை ரயில்வே ஊழியர். ரயில்வேக் குடியிருப்பில் வீடு. அவன் மனம் முழுவதும் கிரிக்கெட்டில் இருக்கிறது. மிதிவண்டியில் தொலைதூரம் சென்று ஆடுகிறான். ஆட்டக்காரர்களுள் முஸ்லிம்களும் இருக்கின்றனர். வீட்டிலோ தந்தையின் கண்டிப்பும், குறைந்த வருவாயும், உடன்பிறந்தார் பலர் உள்ள குடும்பத்தின் நெருக்கமும் உள்ளன. தான் எவருக்கும் முக்கியமானவன் அல்லன் என்ற உணர்ச்சி அவனை விட்டு நீங்குவதில்லை. பருவத்துக்கேற்ற கூச்சமும் ஏக்கமும் அவனுக்கு இருக்கின்றன. அவன் வீரனல்லன், மேதையுமல்லன். உங்கள் வகுப்பில் நடுவரிசையில் அமர்ந்திருக்கும் எந்த மாணவனும் அவனாக இருக்கக்கூடும்.

சிறிது சிறிதாக உலகம் அவனை நெருக்குகிறது. நேற்றுவரை பெயர் சொல்லி அழைத்த அயலார் இன்று பேசத் தயங்குகின்றனர். பக்கத்து வீட்டுச் சிறு பூசல்கூட மதப் பூசலின் நிறம் கொள்கிறது. கல்லூரியில் மாணவர் வகுப்புகளைப் பகிஷ்கரிக்கின்றனர். அவனும் அதில் சேர்கிறான். நம்பிக்கையினால் சேர்ந்தானா, தனித்து நிற்கும் துணிவின்மையால் சேர்ந்தானா என்பது அவனுக்கே விளங்கவில்லை. காந்தியடிகள் 1948ஆம் ஆண்டு ஜனவரி 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி அந்நகரையும் எட்டுகிறது. பெருந்துயரத்தின் நடுவே, கொன்றவன் எம்மதத்தவன் என்ற கேள்வி ஒவ்வொரு முகத்திலும் எழுவதை அவன் காண்கிறான்.

நாவலின் அமைப்பில் ஒரு புதுமையைக் குறிப்பிட வேண்டும். கதை சில பகுதிகளில் ‘நான்’ என்று சந்திரசேகரனின் வாய்மொழியாகவும், சில பகுதிகளில் ‘அவன்’ என்று பிறர் கூற்றாகவும் நடக்கிறது. முதலில் படிப்போர்க்கு இது சிறிது குழப்பம் தரும். ஆனால் பதினாறு வயதினனின் உள்ளம் இப்படித்தான் இருக்கிறது என்பதைச் சிந்தித்தால் அறியலாம். ஒரு கணம் அவன் தன்னுள்ளே நிற்கிறான். மறுகணம் யாரோ ஒருவனைப் பார்ப்பதுபோல் தன்னையே வெளியே நின்று பார்க்கிறான். நடையும் அத்தகையதே. அலங்காரச் சொற்கள் இல்லை. உரத்த குரல் இல்லை. பயங்கரமான செய்தியும், கிரிக்கெட் பந்து தொலைந்த செய்தியும் ஒரே நிதானமான குரலில் கூறப்படுகின்றன. அந்நிதானமே நம்மை அச்சுறுத்துகிறது.

1948ஆம் ஆண்டு செப்டம்பர் 13 அன்று இந்தியப் படைகள் ஐந்து முனைகளில் ஹைதராபாத்துக்குள் புகுந்தன. இதைப் போலீஸ் நடவடிக்கை என்று அரசினர் அழைத்தனர். ஐந்தே நாட்களில் அது முடிந்தது. செப்டம்பர் 17 மாலையில் நிஜாமே வானொலி வாயிலாகப் போர் நிறுத்தத்தை அறிவித்தார். மறுநாள் அவருடைய படைத்தலைவர் எல் எத்ரூஸ், மேஜர் ஜெனரல் சௌத்ரியிடம் சரணடைந்தார். நம் பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடுகின்றன. சமஸ்தானம் யூனியனில் இணைந்தது. ரஜாக்கர் கொடுமை ஒழிந்தது. இவை இரண்டும் உண்மையே. ஒழிந்தாக வேண்டிய கொடுமை ஒழிந்ததைக் குறித்து எவரும் வருந்த வேண்டியதில்லை.

ஆயினும் அதன் பின்னும் ஒரு பக்கம் இருக்கிறது. ரஜாக்கர் செய்த கொடுமைக்கு, அதில் யாதொரு பங்குமில்லாத முஸ்லிம் குடியானவரும் பெண்டிரும் பிள்ளைகளும் பல மாவட்டங்களில் பழிவாங்கப்பட்டனர். இதை விசாரித்து வருமாறு பிரதமர் நேரு பண்டித சுந்தர்லால் தலைமையில் ஒரு குழுவை அனுப்பினார். இறந்தோர் பல்லாயிரவர் என்றே அக்குழு மதிப்பிட்டது. அதன் அறிக்கை அப்போது வெளியிடப்படவில்லை. பல பத்தாண்டுகள் பொதுமக்கள் அதைக் காண இயலாதிருந்தது. மாணவர் கையில் இருந்த சரித்திர நூல்கள் மௌனமாக இருந்த அக்காலத்தில், 1977ஆம் ஆண்டிலேயே, ஒரு தமிழ் நாவலாசிரியர் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டிவிட்டார். இது சிறிய செயல் அன்று.

நாவலின் முடிவு அப்பக்கத்தில்தான் நிகழ்கிறது. வெற்றிக் களிப்பும் கலவரமும் ஒன்றாய்க் கலந்த ஓர் இரவில் சந்திரசேகரன் தெருவில் அகப்பட்டுக்கொள்கிறான். தப்பித்து ஓடி, சுவர் ஏறிக் குதித்து, ஒரு வீட்டினுள் புகுந்துவிடுகிறான். அது ஏழை முஸ்லிம் குடும்பத்தின் வீடு. உள்ளே இருப்போர் அவனைக் கண்டதும் நடுங்குகின்றனர். அவன் அஞ்சி ஓடிவந்தவன் என்பதை அவர்கள் அறியார். தங்களைக் கொல்ல வந்தவருள் ஒருவன் என்றே எண்ணுகின்றனர். அவ்வீட்டின் இளம் பெண் ஒருத்தி, தன் உறவினரை விட்டுவிடுமாறு வேண்டி, அவர்களுக்காகத் தன்னையே பலியாக்க முன்வருகிறாள். அவன் அருவருப்பும் வெட்கமும் மேலிட அவ்விடத்தை விட்டு ஓடுகிறான். அவன் ஒரு தீங்கும் செய்யவில்லை. ஆயினும் அப்பெண்ணின் கண்களில் தன் உருவம் எவ்வாறு தோன்றியது என்பதைக் கண்டுவிட்டான். அதன்பின் அவன் பழைய பையனாக இருக்க இயலாது. கிரிக்கெட் ஆடிய பிள்ளைப் பருவம் அந்தச் சுவரின் மறுபக்கத்திலேயே நின்றுவிட்டது.

இப்போது ஹோல்டனையும் சந்திரசேகரனையும் அருகருகே நிறுத்திப் பாருங்கள். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்துப் பிள்ளைகள், வயதும் ஒன்றே. இருவரும் நகரத் தெருக்களில் தனியே அலைகின்றனர். ஹோல்டன், குழந்தைகள் பள்ளத்தில் விழாமல் காப்பவனாகத் தன்னைக் கற்பனை செய்துகொள்கிறான். சந்திரசேகரனுக்கு அக்கற்பனைக்கும் இடமில்லை. அவனைக் கண்டு ஒரு குழந்தை அஞ்சுகிறது. மற்றவர் யாவரும் போலிகள் என்று ஹோல்டன் குற்றம் சாட்டுகிறான். தான் குற்றமற்றவன் என்று சொல்லிக்கொள்வதுகூடத் தனக்கு எளிதன்று என்பதைச் சந்திரசேகரன் உணர்கிறான். ஒரு கூட்டத்தின் பெயரைப் பிறப்பினாலேயே தாங்கியிருப்பவன், அக்கூட்டம் செய்யும் தீமையின் நிழலினின்றும் முற்றும் விலகி நிற்க முடியுமா என்பதே அசோகமித்திரன் நம்முன் வைக்கும் வினா.

இவ்வினா எனக்கு ஏட்டு வினாவாக மட்டும் இருக்கவில்லை. அதைக் கூற வேண்டிய கடமை எனக்கு உண்டு.

எங்கள் திருத்தணியும் ஒரு கோட்டின்மேல் இருக்கும் ஊர்தான். 1911ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைந்தபோது அதனுடன் சேர்க்கப்பட்டது. 1953ஆம் ஆண்டு அக்டோபர் 1 அன்று ஆந்திர ராஜ்யம் தோன்றியபோது மாவட்டத்தோடு ஊரும் அதில் சேர்ந்தது. நான் பிறந்தபோது திருத்தணி ஆந்திரப் பிரதேசத்துக்கு உட்பட்டிருந்தது. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைக் கிளர்ச்சியை வளர்த்தனர். படாஸ்கரின் முடிவில் கிராமமே அலகாகவும், மொழிப் பெரும்பான்மையும் நிலத் தொடர்ச்சியும் அளவுகோலாகவும் கொள்ளப்பட்டன. அதன்படி 1959ஆம் ஆண்டில் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. 1960ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று திருத்தணி வட்டத்தின் பெரும்பகுதி சென்னை ராஜ்யத்தில் சேர்ந்தது. செங்கற்பட்டு, சேலம் மாவட்டங்களின் சில கிராமங்கள் ஆந்திரத்துக்குச் சென்றன. இரு தரப்பாரும் பேசி முடித்த எல்லை அது. அதைக் குறித்து நாம் பெருமை கொள்ளலாம்.

எல்லைக்கோடு நிலத்தைப் பிரிக்கும். வீடுகளைச் செம்மையாகப் பிரிக்காது. இன்றும் எங்கள் வட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கடைத்தெருவில் தமிழும் பேசும் குடும்பங்கள் மிகப் பல. நகரிக்கும் புத்தூருக்கும் பெண் கொடுப்பதும் கொள்வதும் என்றும்போல் நடக்கின்றன. ஆடிக் கிருத்திகையன்று காவடி எடுத்து முந்நூற்றறுபத்தைந்து படிகளையும் ஏறும் கூட்டத்தில் அரோகரா என்னும் குரல் ஒன்றாகவே எழுகிறது. குடத்திலுள்ள தண்ணீரைக் கேட்கும்போதுதான் ஒருவர் தமிழிலும் ஒருவர் தெலுங்கிலும் கேட்கின்றனர். 1888ஆம் ஆண்டில் இவ்வூரில் தெலுங்குக் குடும்பத்தில் பிறந்து, குடியரசுத் தலைவராகி, ஆசிரியர் யாவருக்கும் பெருமை சேர்த்த டாக்டர் ராதாகிருஷ்ணனும் இவ்விரு மொழிகளின் நடுவே வளர்ந்தவரே.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்கு முன், எல்லையோரப் பள்ளி ஒன்றில் நான் பத்தாம் வகுப்புக்குச் சரித்திர பாடம் நடத்திவந்தேன். ஆந்திரப் பகுதியில் தெலுங்கில் படித்துவிட்டு, தந்தை தறி வேலை தேடிக் குடிபெயர்ந்தமையால் எங்கள் பள்ளியில் சேர்ந்த மாணவன் ஒருவன் கடைசிப் பலகையில் அமர்ந்திருப்பான். எவருடனும் பேசமாட்டான். கேட்ட கேள்விக்கு விடை கூறாமல் ஜன்னலைப் பார்ப்பான். அதை அலட்சியம் என்று நான் கருதினேன். ஒரு நாள் வடக்கெல்லைக் கிளர்ச்சியைப் பற்றி உற்சாகமாகப் பேசினேன். “நாம் போராடினோம், நாம் பெற்றோம்” என்று பலமுறை கூறினேன். அதுவரை வாய் திறவாத அப்பையன் எழுந்து நின்று, “ஐயா, அந்த ‘நாம்’ என்பதில் நானும் உண்டா?” என்று கேட்டான்.

வகுப்பு சிரித்தது. குறும்புக் கேள்வி என்று எண்ணி நான் அவனை அதட்டி உட்காரச் சொன்னேன். அரையாண்டுத் தேர்வுக்குப்பின் அவன் பள்ளிக்கு வரவில்லை. தறிக்குப் போய்விட்டான் என்று பிள்ளைகள் கூறினர். வறுமைதான் காரணமாக இருக்கக்கூடும். என் அதட்டல் காரணமென்று எவரும் கூறவில்லை. நானும் அவன் வீட்டைத் தேடிச் செல்லவில்லை. அவ்வாண்டுக் கோடை விடுமுறையில்தான் ‘18வது அட்சக்கோடு’ என் கைக்கு வந்தது. கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்தபோது அம்மாணவனின் முகம் என் முன் நின்றது. செகந்திராபாத்தில் தமிழ்ப் பையனுக்கு நேர்ந்த தனிமை, சற்று மாறிய உருவில், என் வகுப்பறையில் தெலுங்குப் பையனுக்கு நேர்ந்திருந்தது. அவன் கேட்டதில் குறும்பில்லை. பதினைந்து வயதில் ஒருவன் கேட்கக்கூடிய மிக நேர்மையான கேள்வி அது. அதற்கு விடை ‘உண்டு’ என்ற ஒரே சொல். அச்சொல்லைக் கூற எனக்கு ஒரு வினாடி போதுமாயிருந்தது. கூறவில்லை.

1948ஆம் ஆண்டு ஹைதராபாத்தின் குருதியையும் எங்கள் ஊரின் அமைதியான எல்லை மாற்றத்தையும் நான் ஒன்றாகக் கூறுவதாக நினைக்க வேண்டாம். இரண்டும் வெவ்வேறு. ஆனால் ‘நாம்’ என்னும் சொல்லை எவ்வளவு அகலமாகப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் இரண்டின் வேரும் இருக்கிறது. அச்சொல் சுருங்கச் சுருங்க, அதற்கு வெளியே நிற்கும் பிள்ளைகள் பெருகுகின்றனர். முதலில் அவர்கள் கடைசிப் பலகையில் உட்காருகின்றனர். பின்னர் வராமலே போகின்றனர். காலம் கெட்டால், ஒருவரையொருவர் கண்டு அஞ்சும் நிலையும் வருகிறது.

அசோகமித்திரன் தந்தையார் மறைந்தபின் 1952ஆம் ஆண்டில் சென்னைக்கு வந்தார். ஜெமினி ஸ்டுடியோவில் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். தாம் கண்ட செகந்திராபாத்தை எழுதுவதற்கு அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. உடனே எழுதியிருந்தால் கோபம் மிகுந்திருக்கும். ஒரு சாராரைக் குற்றவாளியாக்கியிருக்கவும் கூடும். அவர் பொறுத்திருந்தார். பொறுத்திருந்து எழுதியமையால் அதில் பழிக்குப் பழி என்ற குரல் இல்லை. துயரப்படும் குரலே இருக்கிறது. நாவல் பிற இந்திய மொழிகளிலும் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. 1996ஆம் ஆண்டில் சாகித்திய அகாதெமிப் பரிசு அவருடைய ‘அப்பாவின் சிநேகிதர்’ என்னும் சிறுகதைத் தொகுதிக்குக் கிடைத்தது. 2017ஆம் ஆண்டு மார்ச் 23 அன்று சென்னையில் காலமானார். அவர் பிறந்த செகந்திராபாத் நிஜாம் ராஜ்யத்தில் இருந்தது. 1956ஆம் ஆண்டில் ஆந்திரப் பிரதேசத்தில் சேர்ந்தது. 2014ஆம் ஆண்டு ஜூன் 2 முதல் தெலங்கானா மாநிலத்தில் இருக்கிறது. எல்லைகள் மூன்று முறை மாறின. அட்சக்கோடு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

மாணவர்களே, இந்நாவலை உங்கள் நூலகத்தில் தேடிப் படியுங்கள். கல்லூரி மாணவர் தாமே படிக்கலாம். பள்ளி மாணவர், கடைசி அத்தியாயத்தைப் படித்தபின் உங்கள் ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அதைப்பற்றிப் பேசுங்கள். அது தனியே சுமக்கத்தக்க பாரமன்று. உங்களுள் எவருக்கேனும் வீடும் பள்ளியும் அந்நியமாகத் தோன்றினால், அவ்வுணர்ச்சி உங்களுக்கு மட்டும் உரியதன்று என்பதை இந்நூல் உங்களுக்குக் கூறும். உங்கள் வகுப்பில் பேசாமல் அமர்ந்திருக்கும் மாணவன் ஒருவன் இருந்தால், நாளைக் காலையில் அவன் அருகில் சென்று உட்காருங்கள். அவன் எம்மொழியில் விடை கூறினாலும் கேளுங்கள். நான் ஒரு வினாடியில் செய்யத் தவறியதை நீங்கள் செய்தால், நான் சரித்திரம் கற்பித்த ஆண்டுகள் வீண்போகவில்லை என்று எண்ணுவேன்.